மழை விட்டாச்சு, விமானம் ஏன் இன்னும் இறங்கவில்லை?

2024 நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், சென்னை விமான நிலையத்தில் எடுத்த ஒரு சிறு வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது. மும்பையிலிருந்து வந்த ஏர்பஸ் 320 ஒன்று மழைக்குள்ளிருந்து வெளிப்படுகிறது. சக்கரம் தரையைத் தொடப்போகும் தறுவாயில் ஒரு பக்கம் சாய்ந்து தள்ளாடுகிறது. அப்படியே மூக்கைத் தூக்கி மேலே ஏறிப் போய்விடுகிறது. மயிரிழையில் தப்பியது என்கிற மாதிரி பகிர்ந்தார்கள். ஆனால் அது பைலட்டுகள் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகும் வேலைதான். கோ-அரவுண்ட் என்பார்கள். இறங்கத் தோதுப்படவில்லை, திரும்பப் போனார்கள், அவ்வளவுதான்.

எனக்கு அந்த வீடியோவைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறு. ஃபெஞ்சல் கரையைக் கடந்தது புதுச்சேரிப் பக்கம், அதுவும் இரவில். சென்னை விமான நிலையமோ நண்பகல் வாக்கிலேயே மூடப்பட்டு நள்ளிரவுக்குப் பிறகுதான் திறந்தது. முந்தைய ஆண்டு மிக்ஜாம் புயலும் சென்னையைத் தொடவில்லை. கடலிலேயே வடக்கே நகர்ந்து, டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரை ஏறியது. ஆனாலும் டிசம்பர் 4 காலையில் மூடிய மீனம்பாக்கம் மறுநாள் காலை 9 மணிக்குத்தான் திறந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா நேராகச் சென்னை மேலேயே வந்தது. அன்று மூடியதற்குக் காரணம் கேட்கவே வேண்டாம், காற்று. 2015 டிசம்பர் 1 இரவு மூடியதோ புயலே இல்லாத நாளில். அன்று வந்தது வெறும் மழையும் அடையாறும். 24 மணி நேரத்தில் மீனம்பாக்கத்தில் சுமார் 35 சென்டிமீட்டர். பயணிகள் விமானம் மறுபடி கிளம்ப 6ஆம் தேதி ஆயிற்று. இடையில் அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ராஜாளி தளத்திலிருந்து விமானங்களை இயக்கினார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் நான்கு முறையும் 'மழை, அதனால் மூடிவிட்டார்கள்'. உள்ளே காரணங்கள் வேறு வேறு. மழை பெய்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பெரிய ஜெட் விமானம் இறங்காமல் இருப்பது அபூர்வம். காற்று எந்தக் கோணத்தில் அடிக்கிறது, ஓடுபாதையின் மேல் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது, பைலட்டுக்கு எத்தனை மீட்டர் தெரிகிறது என்ற மூன்று கணக்கில்தான் எல்லாம் முடிகிறது. சென்னையின் விசேஷம், முதல் கணக்கிலேயே ஊர் கொஞ்சம் மாட்டிக்கொண்டிருப்பது.

வடக்கே காற்று, கிழக்கு மேற்கே ரன்வே

ஓடுபாதைக்கு வைக்கும் எண் அதன் திசைதான். திசைகாட்டியில் பார்க்கும் பாகையில் (வடக்கு என்றால் 0 அல்லது 360) கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் கிடைப்பது. சென்னையின் பிரதான ஓடுபாதை 07/25. ஒரு முனையிலிருந்து பார்த்தால் சுமார் 70 பாகை, மறுமுனையிலிருந்து 250. அதாவது கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது, கிழக்கு முனை சற்றே வடக்கே சாய்ந்து. நீளம் 3,658 மீட்டர். இரண்டாவது ஓடுபாதை 12/30. அது தென்கிழக்கு வடமேற்காகப் போகிறது. அதை நீட்டுவதற்காக அடையாற்றின் மேலே பாலம் கட்டி 2,890 மீட்டராக்கினார்கள். ஆற்றைத் தாண்டும் ரன்வே என்று அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளும் சுற்றியுள்ள கட்டடங்களும் இருப்பதால் அந்த நீளம் முழுவதையும் எல்லா விமானமும் எல்லா நேரமும் பயன்படுத்திக்கொள்ள முடிவதில்லை.

விமானம் எப்போதும் எதிர்காற்றில் இறங்கவும் ஏறவும்தான் விரும்பும். இறக்கையின் மேல் காற்று வேகமாக ஓட வேண்டும். எதிர்காற்று அந்த வேலையில் ஒரு பங்கை இலவசமாகச் செய்துகொடுக்கிறது. அதனால் தரையில் ஓட வேண்டிய தூரம் குறைகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று. அப்போது விமானங்கள் கடலிலிருந்து அடையாறு, கிண்டி வழியாக வந்து 25இல் இறங்கும். வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். அனகாபுத்தூர், பம்மல் பக்கமிருந்து வந்து 07இல் இறங்கும். அந்தப் பகுதிகளில் குடியிருப்பவர்கள் பஞ்சாங்கம் பார்க்காமலே பருவம் மாறியதைச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

ஆண்டின் பெரும்பகுதி இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்கிறது. ரன்வே போட்டவர்கள் ஊரின் காற்றைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். சிக்கல் புயல் நாளில் வருகிறது. நம் அரைக்கோளத்தில் புயலைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். புயல் சென்னைக்கு நேர் கிழக்கே கடலில் நின்றால் சென்னையில் அடிப்பது வடக்குக் காற்று. தென்கிழக்கே நின்றால் வடகிழக்குக் காற்று, அதுவும் மையத்தை நோக்கி உள்ளிழுக்கும் போக்கு இருப்பதால் இன்னும் கொஞ்சம் வடக்கே சாய்ந்தது. வங்கக் கடலில் நவம்பர், டிசம்பரில் உருவாகி வடதமிழகத்தையோ தெற்கு ஆந்திராவையோ குறிவைக்கும் புயல் ஒவ்வொன்றும் சில மணி நேரமாவது இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் நிற்காமல் போவதில்லை. அந்த வடக்குக் காற்று 07/25க்குக் கிட்டத்தட்டச் செங்குத்து.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரியாக வடக்கிலிருந்து 35 நாட் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர், ஆக இது சுமார் 65 கிலோமீட்டர் வேகம். 07க்கும் அதற்கும் 70 பாகை வித்தியாசம். பக்கவாட்டில் தள்ளும் பங்கு சுமார் 33 நாட். சரி, இரண்டாவது ரன்வே இருக்கிறதே என்றால், 30க்கும் வடக்குக்கும் 60 பாகை. பக்கவாட்டுப் பங்கு 30 நாட். தப்பிக்க வழி இல்லை. இரண்டு ரன்வே இருந்தும் இரண்டுமே வடக்குக் காற்றுக்கு முகம் கொடுக்காது. சென்னையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வடிகால், ஆறு, ஏரி என்றுதான் அதிகம் பேசுகிறோம். இந்தத் திசைக் கணக்கு பேச்சில் வருவதே இல்லை. வடிகாலைச் சீரமைக்கலாம், ரன்வேயைத் திருப்பிப் போட முடியாது.

இந்தப் பக்கவாட்டுக் காற்றைப் பைலட்டுகள் கிராஸ்விண்ட் என்பார்கள். ஏர்பஸ் 320 வகை விமானத்தைச் சோதனைப் பறப்பில் வீச்சையும், அதாவது திடீரென்று எகிறும் காற்றையும், சேர்த்து 38 நாட் கிராஸ்விண்ட் வரை இறக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது கைதேர்ந்த சோதனைப் பைலட்டுகள் செய்தது. அன்றாடச் சேவையில் ரன்வே ஈரமாக இருந்தால் வரம்பு குறையும், தண்ணீர் தேங்கியிருந்தால் வெகுவாகக் குறையும். அனுபவம் குறைந்த துணைப் பைலட் கையில் விமானம் இருந்தால் இன்னும் குறையும். விமான நிறுவனங்களும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒரே நேரத்தில் ஒரு நிறுவனத்தின் விமானம் இறங்குவதும், பின்னாலேயே வந்த இன்னொன்று பெங்களூருக்குத் திரும்புவதும் நடக்கிறது. காத்திருக்கும் பயணிக்கு இது ஓரவஞ்சனையாகத் தெரியும். இரண்டு பைலட்டுகளும் சரியாகத்தான் செய்திருப்பார்கள்.

அரை மணிக்கு ஒரு வரி

காற்றின் இந்த எண்களை யார் தருகிறார்கள்? மீனம்பாக்கத்தில் உள்ள வானிலை அலுவலகம். ரன்வே ஓரம் 10 மீட்டர் உயரக் கம்பத்தில் காற்றுமானி. அரை மணிக்கு ஒருமுறை மெட்டார் என்ற ஒரு வரிச் செய்தி உலகம் முழுக்கப் போகிறது. நடுவில் நிலைமை சட்டென்று மாறினால் தனிச் செய்தி. அந்த ஒரு வரியில் காற்று, பார்வைத் தூரம், மழை, மேகம், வெப்பம், அழுத்தம் எல்லாம் வரிசை மாறாமல் இருக்கும். ஒரு புயல் நாளின் மெட்டார் எப்படி இருக்கும் என்பதற்கு நானே ஒன்றைக் கட்டிக் காட்டுகிறேன். காற்று 020 பாகையிலிருந்து 22 நாட், வீச்சு 35. பார்வை 1,500 மீட்டர். கனமழை. 800 அடியில் வானத்தின் பெரும்பகுதி மேகம். வெப்பம் 24, பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பம்) 23. அழுத்தம் 1003.

பயணி கண்ணுக்கு முதலில் படுவது கனமழை. பைலட் முதலில் பார்ப்பது 020. 07க்கும் அதற்கும் 50 பாகை. ஆக 22 நாட்டில் 17 பக்கவாட்டு, வீச்சு வரும்போது 27. பிறகு அந்த 22க்கும் 35க்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பார். 13 நாட் திடீரென்று கூடுவதும் குறைவதும் நிலையாக 30 நாட் அடிப்பதைவிடத் தொல்லை. நிலையான காற்றுக்கு விமானத்தைச் சாய்த்துத் திருப்பி ஒரு தோரணையில் வைத்துக்கொள்ளலாம். வீச்சு அந்தத் தோரணையைக் கடைசி ஐம்பது அடியில் கலைத்துவிடும். அந்த வீடியோவில் விமானம் சாய்ந்த உயரம் ஏறக்குறைய அதுதான்.

மெட்டாரில் உள்ள காற்று பத்து நிமிடச் சராசரி. இறங்கும் நேரத்தில் ஏடிசி டவரிலிருந்து, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து, சொல்லும் காற்று இரண்டு நிமிடச் சராசரி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டவர் சொன்னதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் டவர் காற்றைச் சொல்லும், இறங்க அனுமதி தரும். இறங்கித்தான் ஆக வேண்டும் என்று சொல்லாது. கிராஸ்விண்ட் வரம்பை மீறுகிறதா என்று முடிவெடுக்க வேண்டியது கேப்டன்தான். நிலையத்தையே மூடுவது அடுத்த கட்டம். ரன்வே பயன்படுத்தும் நிலையில் இல்லை, அல்லது யாருமே இறங்க முடியாது என்று தெரிந்த பிறகு வருவது.

மூன்று மில்லிமீட்டர்

இனி தண்ணீர். ஓடுபாதை பார்ப்பதற்குத்தான் சமதளம். நடுவில் சற்று உயர்ந்து இரு பக்கமும் சரியும்படி போட்டிருப்பார்கள், சரிவு ஒன்றிலிருந்து ஒன்றரை சதவீதம். எவ்வளவு மழை பெய்தாலும் ஓரத்துக்கு ஓடிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஓரத்திலிருந்து வடிகால், வடிகாலிலிருந்து வெளியே. சென்னையில் 'வெளியே' என்பது கடைசியில் அடையாறு. ஆறு காலியாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீரும் ஊர்ப்பட்ட ஏரிகளின் உபரியும் சேர்ந்து ஆறே நிரம்பிப் போனால், வடிகாலுக்குப் போக்கிடம் இல்லை. 2015இல் நடந்தது அதுதான். மழை நின்ற பிறகும் தண்ணீர் இறங்கவில்லை. நிறுத்தி வைத்திருந்த விமானங்களின் சக்கரம் நீரில் மூழ்கிய படங்களை எல்லாரும் பார்த்தோம்.

அந்த அளவு வெள்ளம் எப்போதாவதுதான் வரும். அன்றாடச் சிக்கல் மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிறது. 2021 நவம்பர் 4 முதல் உலகம் முழுக்க ரன்வேயின் நிலையைச் சொல்ல ஒரே முறை வந்துவிட்டது. ஓடுபாதையை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். காய்ந்த தரைக்கு 6. ஈரம், அல்லது 3 மில்லிமீட்டர் வரை தண்ணீர் என்றால் 5. 3 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் 4, 3 என்று படிப்படியாக இறங்குவதில்லை, நேராக 2. ஒரு தீக்குச்சித் தடிமனைவிடக் கொஞ்சம் அதிகமான தண்ணீர், மதிப்பெண்ணை ஐந்திலிருந்து இரண்டுக்குத் தள்ளிவிடுகிறது. நடுவில் உள்ள எண்கள் பெரும்பாலும் பனி நாடுகளுக்கு. நமக்குத் தேவைப்படுவது 6, 5, 2, அப்புறம் ஈரத்தில் வழுக்கும் என்று அறிவிக்கப்பட்ட தரைக்கு 3.

இதைப் போய்ப் பார்ப்பது ஒரு ஜீப். இரண்டு விமானங்களுக்கு நடுவே டவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மஞ்சள் விளக்குச் சுழல, கொட்டும் மழையில் அந்த மூன்றரைக் கிலோமீட்டரை ஓடி முடித்து வெளியேற வேண்டும். எங்கே பளபளக்கிறது, எங்கே குளம் கட்டுகிறது, ஆழம் எவ்வளவு, விளக்குகள் எரிகின்றனவா என்று பார்ப்பார்கள். சிறிய எண்ணுள்ள முனையிலிருந்துதான் எப்போதும் சொல்ல வேண்டும். மீனம்பாக்கத்தில் 'ஐந்து, ஐந்து, இரண்டு' என்று வந்தால் பம்மல் பக்கமுள்ள இரண்டு பங்கும் வெறும் ஈரம், பரங்கிமலைப் பக்கமுள்ள கடைசிப் பங்கில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். 07இல் இறங்குகிறவருக்கு அந்தக் கடைசிப் பங்கில்தான் வேகம் முழுக்க அடங்க வேண்டும். 25இல் இறங்குகிறவருக்கு அதுவே தரை தொடும் இடம். ஒரே மூன்று எண், இரண்டு பைலட்டுக்கு இரண்டு வேறு கவலை.

3 மில்லிமீட்டரில் அப்படி என்ன இருக்கிறது? டயருக்கும் தரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் விலக நேரம் வேண்டும். வேகம் கூடக்கூட அந்த நேரம் கிடைக்காது. ஒரு கட்டத்தில் டயர் தண்ணீரின் மேலேயே மிதக்கத் தொடங்கும், பிரேக் அழுத்தினாலும் பிடிக்காது. அந்த வேகத்தைக் கணக்கிட 1960களில் நாசா ஆய்வுகளிலிருந்து வந்த ஒரு எளிய சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. டயர் காற்றழுத்தத்தைப் பவுண்டு கணக்கில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, ஒன்பதால் பெருக்கினால் வேகம் நாட்டில் வரும். பெரிய ஜெட் விமான டயரில் 200 பவுண்டு அழுத்தம் என்றால் விடை 127 நாட். ஏர்பஸ் 320 தரை தொடும் வேகம் பெரும்பாலும் 130 நாட் வாக்கில். ஆக, தண்ணீர் தேங்கிய இடத்தில் கால் வைத்தால் முதல் சில விநாடிகள் அது மிதக்கும் வேகத்தில்தான் இருக்கிறது. உங்கள் காரில் 33 பவுண்டு அழுத்தம் என்றால் இதே கணக்கில் மணிக்கு 96 கிலோமீட்டர். மழையில் ஓஎம்ஆரில் பறப்பவர்கள் கவனிக்கலாம்.

இதனால்தான் மழை நாளில் பைலட் பூப்போல இறக்குவதில்லை. கொஞ்சம் அழுத்தமாகத் தரையில் வைப்பார், டயர் தண்ணீரைக் குத்திக்கொண்டு தரையைத் தொட வேண்டும் என்று. 'என்னப்பா இப்படித் தடால்னு இறக்கறான்' என்று பின் இருக்கையில் சொல்வார்கள். அன்று அதுதான் நல்ல லேண்டிங்.

தண்ணீர் மட்டுமில்லை, ரப்பரும் உண்டு. ஒவ்வொரு விமானமும் தரை தொடும்போது நின்றிருந்த சக்கரம் ஒரே நொடியில் முழு வேகத்துக்குச் சுழல வேண்டியிருக்கிறது. அந்த உரசலில் டயர் ரப்பர் தளத்தில் ஒட்டிக்கொள்ளும். நாளாவட்டத்தில் கறுப்பாகப் படிந்து, தளத்தின் சொரசொரப்பை அடைத்துவிடும். காய்ந்திருக்கும்போது தெரியாது, முதல் மழையில் வழுக்கும். அதிக அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சி அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். எடுத்த பிறகு, கூடுதலாக ஒரு சக்கரம் பொருத்திய வண்டியை ஓட்டி, அதன் முன்னால் ஒரு மில்லிமீட்டர் தண்ணீரை விட்டுக்கொண்டே போய், தளம் எவ்வளவு பிடிக்கிறது என்று அளப்பார்கள். மழைக்காலத்துக்கு முன்னால் இதைச் செய்து முடித்துவிட வேண்டும்.

நீளம் எவ்வளவு உதவும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கிளம்புவதற்கு முன்பே, போய்ச் சேரும் ரன்வேயின் 60 சதவீத நீளத்துக்குள் விமானம் நின்றுவிடும் என்று காட்ட வேண்டும். சென்னையின் பிரதான ரன்வேயில் அது சுமார் 2,195 மீட்டர். ஈரம் எதிர்பார்த்தால் இன்னும் 15 சதவீதம் இடம் விட வேண்டும், ஆக விமானம் 1,900 மீட்டரில் நின்றாக வேண்டும். இவ்வளவு இடம் விட்டு வைப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கோழிக்கோடு பதில் சொல்லும். 2020 ஆகஸ்ட் 7, மழை, பின்காற்று. குன்றின் உச்சியைச் சமன்படுத்திப் போட்ட 2,700 மீட்டர் ரன்வேயில் துபாயிலிருந்து வந்த போயிங் 737 தொடக்கத்திலிருந்து 1,350 மீட்டரைத் தாண்டித்தான் தரை தொட்டது. பாதி ரன்வே தலைக்கு மேலேயே போய்விட்டது. இரண்டு பைலட்டுகளையும் சேர்த்து 21 பேர் இறந்தார்கள். நிலைகுலைந்த இறக்கத்தைக் கைவிட்டு மேலே போகாமல் தொடர்ந்ததையே விசாரணை அறிக்கை முதன்மைக் காரணமாகச் சொன்னது. கோ-அரவுண்ட் வீடியோவைப் பார்த்துப் பதறுகிறவர்களிடம் எனக்கு உள்ள சின்ன மனத்தாங்கல் இதுதான்.

புகை, வெயில், கடற்காற்று

பார்வைத் தூரம் சென்னைக்கு டெல்லி அளவு தலைவலி கிடையாது. ஆண்டுக்கு ஒரு காலை மட்டும் நாமே தேடி வைத்துக்கொள்கிறோம். போகி. ஜனவரி அதிகாலையில் காற்று அசையாது, தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் கொஞ்சம் சூடான காற்றும் இருப்பதால் புகை மேலே போகாமல் மூடி போட்டது மாதிரி நிற்கும். அதில் ஈரப்பதம் சேர்ந்தால் புகைப்பனி. 2018 போகி அன்று காலை பல விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பி விடப்பட்டன. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆண்டும் டயர், பிளாஸ்டிக் எரிக்க வேண்டாம் என்று நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் கேட்டுக்கொள்கிறார்கள்.

இங்கே ஓர் எண்ணைத் தெரிந்துகொண்டால் போதும், 550. சாதாரண வகைக் கருவி வழி இறக்கத்துக்கு, அதாவது 200 அடி உயரத்துக்கு வந்ததும் ரன்வே கண்ணில் பட வேண்டும் என்ற முறைக்கு, ரன்வே ஓரம் அளக்கும் பார்வைத் தூரம் குறைந்தது 550 மீட்டர் வேண்டும். அதை அளக்கும் கருவி ஒரு விளக்கும், சற்றுத் தள்ளி ஓர் உணரியும். ஒளி எவ்வளவு குறைந்து வந்து சேர்கிறது என்பதை வைத்துத் தூரத்தைச் சொல்லும். பெங்களூரில் உள்ள தேசிய விண்வெளி ஆய்வகம் இதை 'திருஷ்டி' என்ற பெயரில் இங்கேயே செய்துவிட்டது, நாட்டின் பல விமான நிலையங்களில் அது நிற்கிறது. புறப்படுவதற்கான வரம்பு 550ஐவிடக் குறைவு. அதனால் புகைமூட்டத்தில் கிளம்புகிற விமானம் கிளம்பும், வருகிற விமானம் வராது. போர்டில் அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வெயில் காலம் வேறு கதை. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளில் காற்று விரிந்து மெலிந்துவிடும். கடல்மட்டத்தை ஒட்டி இருக்கும் மீனம்பாக்கம் 40 டிகிரியிலேயே விமானத்துக்கு 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊரைப் போல நடந்துகொள்ளும். இறக்கைக்கும் தாங்கு சக்தி குறைவு, இன்ஜினுக்கும் மூச்சு குறைவு. நீண்ட தூரம் போகும் கனமான விமானங்கள் நள்ளிரவிலும் விடியலிலும் கிளம்புவதற்கு வேறு ஊர்களின் நேரமும் காரணம்தான், ஆனால் குளிர்ந்த காற்றும் அவற்றுக்கு ஒரு லாபம்.

சென்னைவாசிகள் மதியம் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கடற்காற்றைப் பற்றி ஏடிசி ஆட்களிடம் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். மே மாதக் காலையில் மேற்கிலிருந்து அனல் காற்று. 25இல் எல்லாரும் வரிசையாக இறங்கிக்கொண்டிருப்பார்கள். நண்பகலுக்கு மேல் கடற்கரையில் காற்று திரும்பும். கடலிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மீனம்பாக்கத்துக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். வந்த சில நிமிடங்களில் வெப்பம் இறங்கும், ஈரப்பதம் ஏறும், காற்று கிழக்கு அல்லது தென்கிழக்காகிவிடும். அதுவரை எதிர்காற்றாக இருந்தது இப்போது பின்காற்று. பெரும்பாலான விமானங்கள் பின்காற்று 10 நாட் வரைதான் ஏற்கும். ரன்வேயைத் திருப்ப வேண்டும். கடல் மேல் வரிசை கட்டி வந்துகொண்டிருக்கும் விமானங்களை ஊரைச் சுற்றி மேற்கே கொண்டுபோக வேண்டும். கிளம்பத் தயாராக 25 முனையில் நிற்பவர்கள் மறுமுனைக்கு ஊர்ந்து போக வேண்டும். வானம் நீலமாக, ஒரு பொட்டு மேகம் இல்லாமல் இருக்கும் நாளில் 'வானிலை காரணமாகத் தாமதம்' என்று அறிவிப்பு வந்தால், சில சமயம் காரணம் இதுவாக இருக்கும். மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவருக்குச் சுகமாக வீசுவதும் அதே காற்றுதான்.

தென்மேற்குப் பருவ மாலைகளில் வேலூர், சித்தூர்ப் பக்கம் கட்டி எழும் இடிமேகங்கள் இருட்டிய பிறகு சென்னைக்கு வந்து சேரும். சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இருக்கும் டாப்ளர் ரேடாரில் அவை வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும், ஆனால் சரியாக ரன்வே மேல் எப்போது கொட்டும் என்று சொல்வது கஷ்டம். இடிமேகத்தின் அடியிலிருந்து குளிர்காற்று கொத்தாகக் கீழே விழுந்து நாலாபுறமும் சிதறும். அதற்குள் நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று கிடைக்கும், அடுத்த சில விநாடிகளில் அதுவே பின்காற்றாக மாறி இறக்கையைக் காலி செய்துவிடும். 1985 ஆகஸ்டில் அமெரிக்காவின் டல்லாஸில் இப்படி ஒரு விபத்தில் 137 பேர் இறந்தார்கள். விமானத்துக்குள்ளேயே எச்சரிக்கும் கருவிகள் கட்டாயமானது அதற்குப் பிறகுதான். அதனால் இடிமேகம் ரன்வே மேல் நின்றால் யாரும் வீரம் காட்டுவதில்லை. வானத்தில் வட்டமடித்துக் காத்திருப்பார்கள். அது பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணியில் நகர்ந்துவிடும்.

நின்ற மழையும் நகராத வரிசையும்

எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது எரிபொருள். சென்னைக்கு வரும் விமானத்தில் சென்னை வரைக்கும், அங்கிருந்து மாற்று நிலையம் வரைக்கும், அதற்கு மேல் அரை மணி நேரம் வட்டமடிக்கவும் எரிபொருள் இருக்க வேண்டும். அந்தக் கடைசி அரை மணியைத் தொடவே கூடாது. மாற்று நிலையம் பெரும்பாலும் பெங்களூரு. சில சமயம் ஹைதராபாத், திருச்சி, கோவை, கொழும்பு. புயல் நாளில் எல்லாரும் ஒரே நேரத்தில் பெங்களூருக்குத் திரும்பினால் அங்கே நிறுத்த இடம் இருக்காது. அதனால் விவரம் தெரிந்த கேப்டன் கடைசிச் சொட்டு வரை காத்திருக்க மாட்டார். இடம் நிரம்புவதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார்.

இப்போது மழை நிற்கிறது, சென்னை திறக்கிறது. ஆனால் உங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் பெங்களூரில் நிற்கிறது. அதற்கு எரிபொருள் நிரப்ப வேண்டும், முன்னால் பத்து விமானம் அதற்கே காத்திருக்கிறது. அதில் உள்ள பைலட்டுகளின் பணி நேரம் முடிந்துவிட்டிருக்கலாம். சட்டம் அனுமதிக்கும் வரம்புக்கு மேல் அவர்கள் பறக்கக் கூடாது. மாற்றுப் பைலட் சென்னையில் இருக்கிறார், விமானம் அங்கே இருக்கிறது. சென்னையிலேயே நிற்கும் விமானங்களுக்கும் வேலை பாக்கி. அருகில் மின்னல் இருந்தவரை தளத்தில் யாரையும் நிற்க விட்டிருக்க மாட்டார்கள், ஆக மூட்டைகள் ஏறியிருக்காது. வர்தா மாதிரிக் காற்றுக்குப் பிறகு என்றால் ரன்வேயில் தகரம், கிளை, கல் எது கிடந்தாலும் இன்ஜின் உறிஞ்சிவிடும். ஜீப் மறுபடி ஒருமுறை முழு நீளத்தையும் ஓடிப் பார்க்க வேண்டும், இந்த முறை மெதுவாக.

ஆகவே அடுத்த முறை நவம்பரில் டிக்கெட் எடுத்துவிட்டு, வீட்டு மாடியில் நின்று வானத்தைப் பார்த்து 'வெளுத்துடுச்சு, கிளம்பலாம்' என்று முடிவெடுப்பதற்கு முன்னால் போனில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மீனம்பாக்கத்தின் மெட்டாரில் காற்றின் முதல் மூன்று இலக்கம். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். அந்த மூன்று இலக்கம் 050, 060 என்று இருந்தால் காற்று ரன்வேயோடு ஒத்துப்போகிறது. 360, 350 என்று இருந்து பக்கத்தில் வீச்சும் பெரிதாக இருந்தால் பெட்டியை இன்னும் கொஞ்ச நேரம் கட்டாமல் வைக்கலாம். இரண்டாவது, உங்கள் விமானத்தின் பதிவு எண்ணைக் கண்காணிப்புச் செயலியில் போட்டு, அது இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்று பாருங்கள். புறப்பாடு போர்டில் 'சரியான நேரம்' என்று இருக்கும்போதே அந்த விமானம் பெங்களூரில் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்பது அதில் தெரிந்துவிடும்.